கருகல் வாடைக்கு என்ன பெயர்?

பள்ளி விடுமுறையிலேயே எழுத எண்ணியிருந்த செய்தி இது, தாமதத்தைப் பொறுத்தருள்க. இது பாடத்திட்டம் பற்றியதன்று, எங்கள் வீட்டுக் காரைப் பற்றியது. ஆயினும் ஆசிரியர்களும் பெற்றோரும் வந்துபோகும் இப்பக்கத்தில் இதற்கும் இடமுண்டு என்றே கருதுகிறேன்.

ஞாயிறுதோறும் அங் மோ கியோவிலிருந்து மத்திய விரைவுச்சாலை வழியாகத் தேக்காவுக்குச் செல்வது எங்கள் வழக்கம். பூ, கீரை, மகனுக்கு உளுந்து வடை ஆகியவற்றை வாங்கிக்கொண்டு திரும்புவோம். ஒரு ஞாயிறன்று காரை நிறுத்திவிட்டு இறங்கியபோது ஏதோ தீய்வதுபோல் மூக்கில் ஏறியது. சிராங்கூன் சாலைப் பகுதியோ ஊதுவத்தியும் மல்லிகையும் பொரிக்கும் எண்ணெயும் கலந்து வீசும் இடம். அங்கே ஒரு வாடையை மட்டும் தனியே பிரித்தறிவது எளிதா? கடைவாசனை என்று விட்டுவிட்டேன். மறுநாள் பள்ளியின் கார் நிறுத்துமிடத்திலும் அதே வாடை வந்தது. அங்கே வடைக் கடை இல்லை.

எங்கள் காருக்கு வயது எட்டு. சிங்கப்பூரில் கார் வைத்திருப்போர்க்கு இதன் பொருள் விளங்கும். 1990 முதல் நடப்பிலுள்ள வாகன உரிமைச் சான்றிதழ் 10 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். புதுப்பிக்கவும் பெருந்தொகை வேண்டும். இன்னும் இரண்டாண்டே ஓடப்போகும் காருக்கு எதற்குச் செலவு என்று மனம் கணக்குப் போட்டது. மூன்று வயதுக்கு மேல் பத்து வயது வரையுள்ள கார்களை இரண்டாண்டுக்கு ஒருமுறை கட்டாய ஆய்வுக்குக் கொண்டு செல்ல வேண்டும். எங்கள் கார் அதில் முந்தைய ஆண்டுதான் தேறியிருந்தது. அந்த நம்பிக்கையில் இரண்டு வாரம் ஓட்டினேன். வாடையை மறைக்க எலுமிச்சை மணமூட்டி ஒன்றையும் கண்ணாடியருகே தொங்கவிட்டேன். (இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.)

பிறகு ஒரு பட்டறைக்குச் சென்று, ‘ஏதோ எரியும் வாடை வருகிறது’ என்று ஆங்கிலத்தில் சொன்னேன். அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. பிரேக் பேட் தேய்ந்து சூடேறுகிறது என்று முன்சக்கரங்களுக்குப் புதியவற்றை மாற்றினார். 220 வெள்ளி. வாடை போகவில்லை.

அன்று மாலை சிவப்பு விளக்கில் நின்றபோது, தொடக்கநிலை மூன்றில் படிக்கும் மகன் பின்னிருக்கையிலிருந்து, “அம்மா, வடைக் கடைச் சட்டியில எண்ணெய் ரொம்பக் காஞ்சா ஒரு வாடை வருமே, அதுதான் இது. கார் ஓடும்போது இல்ல, நின்னாத்தான் வருது” என்றான். அவன் இதைச் சொன்னது அன்றுதான் முதல்முறை என்று எண்ணினேன். இல்லை. தேக்காவில் இறங்கிய அன்றே சொன்னானாம். “பேசாம வா” என்று கையைப் பிடித்து இழுத்துப்போனவள் நான்தான்.

அடுத்த சனிக்கிழமை சின் மிங் சாலையில் வேறொரு பட்டறைக்குப் போனோம். அங்கு வேலை செய்யும் தம்பி புதுக்கோட்டைக்காரர். கருவி எதையும் கையில் எடுக்குமுன், “அக்கா, என்ன மாதிரி வாடை? ரப்பரா, வயரா, எண்ணெயா? இனிப்பா இருக்கா?” என்று கேட்டார். நான் மகனைப் பார்த்தேன். அவன் சொன்னான்.

தம்பி என்ஜினைச் சிறிது நேரம் நின்றபடியே ஓடவிட்டு, பானட்டைத் திறந்து கைவிளக்கால் காட்டினார். என்ஜினின் மேல்மூடி ஓரத்தில் கறுப்பாக ஈரம். அங்கிருந்து வழிந்த ஒரு துளி கீழிருந்த புகைக்குழாயைத் தொட்டதும் நூல்போல் புகை எழுந்தது. மூடிக்கும் என்ஜினுக்கும் இடையிலுள்ள ரப்பர் கேஸ்கெட், ஆண்டுக்கணக்கில் சூடுபட்டு இறுகிவிட்டதால் எண்ணெய் கசிந்திருக்கிறது. கார் ஓடும்போது காற்று அந்த ஆவியை அடித்துக்கொண்டு போய்விடும். நின்றால் அது பானட்டுக்குள் தேங்கி, முன்கண்ணாடியின் அடியிலுள்ள காற்றுத்துளைகள் வழியே உள்ளே வரும். அந்தக் குழாய் பல நூறு டிகிரி வரை சூடேறக்கூடியது. கசிவு பெருகினால் தீப்பற்றவும் கூடும் என்றார். எண்ணெய் அளவுகோலை உருவிப் பார்த்தோம், கீழ்க்கோட்டுக்கு இறங்கியிருந்தது. இரண்டு வாரமாக அந்தக் காரில்தான் பிள்ளையை ஏற்றிச் சென்றிருக்கிறேன்.

மற்ற வாடைகளைப் பற்றியும் கேட்டேன். இனிப்பாக வந்தால் கூலண்ட் கசிவு. ரப்பர் தீய்ந்தால் பெல்ட் வழுக்குகிறது. காரமான நெடியோடு ஒரு சக்கரம் மட்டும் கொதித்தால் பிரேக் இறுகிக்கொண்டிருக்கும்; ஹேண்ட் பிரேக்கை விடுவிக்காமல் ஓட்டினாலும் அப்படி வரும். சில வேளை சாலையில் கிடந்த பிளாஸ்டிக் பை புகைக்குழாயில் ஒட்டி உருகுவதுதான் காரணம். ஆனால் மின்கம்பி எரியும் வாடை வந்தால் பட்டறைவரை ஓட்டிவரக் கூடாது. ஓரமாக நிறுத்தி, என்ஜினை அணைத்து, பிள்ளைகளை இறக்கிக்கொண்டு விலகிவிட வேண்டும். புகை வந்தால் பானட்டைத் திறக்காமல் 995ஐ அழைக்க வேண்டும்.

கேஸ்கெட்டும் கூலியும் சேர்த்து 130 வெள்ளி, இரண்டு மணி நேர வேலை. “சிந்தின எண்ணெய் எரிஞ்சு தீர நாலஞ்சு நாள் ஆகும். அதுவரைக்கும் லேசா வாடை இருக்கும், பயப்படாதீங்க அக்கா” என்று சொல்லி அனுப்பினார்.

ஐம்புலன்களாலும் உணர்ந்து எழுதப் பழக்குங்கள் என்று தேசியக் கல்விக் கழகத்தில் பயிற்சி பெற்ற காலத்தில் கேட்டவள் நான். ‘நல்ல மணம் வீசியது’ என்று எழுதும் மாணவரின் வரியைச் சிவப்பு மையால் கோடிடுபவளும் நானே. மறுவாரம் ஐந்தாம் வகுப்பில் கரும்பலகைக்குப் பதில் வந்துவிட்ட வெள்ளைப்பலகையில் கருகல், பொசுங்கல், தீய்தல், நெடி, முடை, ஊசல் என எழுதிப்போட்டேன். தோசை கருகும், முடி பொசுங்கும் என்று தகராறு நடந்தது. பழைய எண்ணெய்க்குப் பாட்டி ‘சிக்கு வாடை’ என்பார் என்று ஒரு மாணவி எழுந்து சொன்னாள். அது என் பட்டியலில் இல்லை, சேர்த்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் வாடை நின்றது. மணமூட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, “இப்ப என்ன வாடைப்பா?” என்று மகனைக் கேட்டேன். மூக்கை உறிஞ்சிப் பார்த்துவிட்டு, “காலுறை” என்றான். இருக்கைக்கு அடியில் பார்த்தேன். அவனுடையதுதான், காற்பந்துப் பயிற்சிக்குப் போட்டுப்போனது.