பூனைக்குப் பட்டை, பாசிக்குக் கட்டை

ஏவிமோர் ரயில் நிலையத்தில் இறங்குபவர்களில் பெரும்பாலோர் மலையேறவோ பனிச்சறுக்கு விளையாடவோ வந்தவர்கள். ஸ்காட்லாந்தின் கேர்ன்கார்ம்ஸ் தேசியப் பூங்கா 4,528 சதுர கி.மீ. பரப்புள்ளது, பிரிட்டனிலேயே பெரியது. இதன் பைன் காடுகளில், பயணிகள் கண்ணில் படாத இரண்டு உயிர்கள் பிழைத்திருக்கப் போராடுகின்றன. ஒன்று காட்டுப்பூனை. மற்றொன்று பச்சைக் கேடயப் பாசி.

காட்டுப்பூனை பார்வைக்கு வீட்டுப் பூனையின் முரட்டு அண்ணன். தடித்த, மொண்ணையான வாலில் உள்ள கறுப்பு வளையங்கள்தான் முக்கிய அடையாளம். அதன் இன்றைய பெரிய எதிரி துப்பாக்கி அல்ல, சொந்தபந்தம். வீட்டுப் பூனைகளோடு கூடிக் கூடி இனமே கலந்துவிட்டது. 1988 முதல் சட்டப் பாதுகாப்பு இருந்தும், இனி தானாகத் தழைக்காது என்று 2019இல் நிபுணர்கள் கைவிரித்தார்கள். வேறு வழியில்லாமல், கூண்டில் பிறந்து வளர்ந்த 19 பூனைகள் 2023இல் காட்டில் விடப்பட்டன. பூனைக்கு யார் மணி கட்டுவது என்ற கேள்விக்கே இடமில்லை. கழுத்தில் ஜி.பி.எஸ். பட்டையோடுதான் அவை காட்டுக்குள் போயின. 2024இல் காட்டிலேயே குட்டிகள் பிறந்தன.

பாசிக்குப் பட்டை கட்ட முடியாது. அதற்கு இலை என்பது பேருக்குத்தான். குட்டைக் காம்பின் மேல் பச்சை நெல்மணி போலச் சாய்ந்து நிற்கும் வித்துப்பை மட்டுமே கண்ணுக்குத் தெரியும். அதைப் பார்க்கவும் மண்டியிட வேண்டும். ஈரத்தில் ஊறி, விரலால் தொட்டாலே உதிரும் அளவுக்கு மக்கிய மரம்தான் அதன் வீடு. அந்த மரமும் ஒருநாள் மண்ணாகிவிடும். அதற்குள் காற்றில் பறக்கும் வித்துகளுக்கு அருகிலேயே இன்னொரு மக்கிய மரம் வேண்டும். காட்டைச் சுத்தம் செய்கிறோம் என்று விழுந்த கட்டைகளை அப்புறப்படுத்தினால் கதை முடிந்தது.

பூனையைக் காக்க வளர்ப்பு மையம், கால்நடை மருத்துவர்கள், கேமராக்கள், செலவு. பாசி கேட்பது ஒன்றே ஒன்று: விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே கிடக்கட்டும். ஆனால், பூனைக்கும் பணம் மட்டும் போதாது. சுற்றுவட்டாரத்தில் வீட்டுப் பூனை வளர்ப்பவர்கள் கருத்தடை செய்ய முன்வராவிட்டால் ஜி.பி.எஸ். பட்டையால் பயனில்லை.

இன்னொன்று. காட்டுப்பூனை குட்டி போட ஒதுங்கும் இடங்களில் ஒன்று, சாய்ந்து கிடக்கும் மரத்தின் அடி. பாசிக்காக விட்டுவைக்கும் கட்டை, பூனைக்குப் பிரசவ அறையாகவும் ஆகலாம்.