மேட்டைத் தூக்கினால் தெரியும் வேலை

பல்லடம்–திருப்பூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளி, விசைத்தறிச் சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கிறது அந்த டிங்கரிங் பட்டறை. தகரக் கூரைக்குக் கீழே ஓர் அம்பாசிடர் மார்க் 2 ஸ்டாண்டுகள் மேல் நின்றது. சீட், ரப்பர் மேட், அதற்கடியில் கிடந்த ஃபெல்ட் எல்லாம் வெளியே. ஓட்டுபவர் கால் வைக்கும் இடத்தில் குனிந்து பார்த்தால் பட்டறையின் மண்தரை தெரிந்தது.

ஓட்டை உள்ளங்கை அகலம்தான். ஒரு துண்டுத் தகடு வைத்து ஒட்டினால் போதும் என்பது வண்டிக்காரரின் கணக்கு. மேஸ்திரி பதில் சொல்லவில்லை. சின்னச் சுத்தியால் ஓட்டையைச் சுற்றித் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகடு கணீரென்றது. துரு ஏறிய இடத்தில் சத்தம் செத்துப் போனது. சந்தேகம் வந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்தினார். அப்பளமாய் உள்ளே போனது. கடைசியில் சாக்பீஸ் கோடு முன்சீட் கால்கள் வரை ஓடியது.

“பாதி அரிச்ச தகட்டுல வெல்டிங் நிக்காதுங்க. சூடு பட்டதும் பொத்துக்கும். மேல துண்டு வெச்சு மூடுனா நடுவுல தண்ணி தங்கும். ரெண்டு மழை தாங்காதுங்க.”

நாள் முழுக்கப் பார்த்ததில் ஆகச் சிறந்த திறமை எது என்று கேட்டால், அந்தக் கோட்டைத்தான் சொல்வேன். எங்கே துரு முடிகிறது, எங்கே இரும்பு தொடங்குகிறது என்பதைக் காதால் முடிவு செய்கிறார்.

வெட்டுவதற்கு முன் செய்ய வேண்டியவை வேறு. பேட்டரி இணைப்பைக் கழற்றி, பெட்ரோல் டேங்கை இறக்கி, பிரேக் பைப்பையும் ஒயர்களையும் ஒதுக்கினார்கள். பிறகு கதவு வாசல்களுக்குக் குறுக்கே ஆங்கிள் இரும்பு வைத்துப் பற்றவைத்தார்கள். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்குத் தனிச் சேஸ் உண்டு. அதன் தரையை எடுத்தாலும் சேஸ் வண்டியைத் தாங்கும். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வழிவந்த அம்பாசிடருக்கு அது கிடையாது. தரையும் கூரையும் கதவுத் தூண்களும் சேர்ந்ததுதான் அதன் முதுகெலும்பு. முட்டுக் கொடுக்காமல் தரையை அறுத்தால் உடல் தொய்யும், அப்புறம் கதவு சாத்தாது. ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் அறுக்க மாட்டார். வலது பக்கத்தை முடித்து, கதவைச் சாத்திப் பார்த்துவிட்டுத்தான் இடது.

கடலோரம் இல்லாத ஊரில் இவ்வளவு துரு எப்படி? முன்கண்ணாடி ரப்பர் வெடித்து, அதன் வழியே இறங்கும் மழைநீர் ஃபெல்ட்டில் ஊறிக் கிடப்பது முதல் காரணம். மேஸ்திரி இன்னொன்றும் சொன்னார்: “உப்புத் தண்ணியில வண்டி கழுவுறாங்கல்லோ.” பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். அந்தக் கழிவு நொய்யலிலும் நிலத்தடியிலும் சேர்ந்து, ஒரத்துப்பாளையம் அணையே சாயத் தேக்கமாக மாறிய கதை இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். 2011இல் உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. கோழிப்பண்ணைக்குப் போய்வரும் வண்டியென்றால் காலோடு ஏறிவரும் எருவும் ஈரமும் வேறு. ஈரத்தோடு உப்பும் சேர்ந்தால் துரு விரைவு கொள்ளும்.

புதுத் தரைக்கு 18 கேஜ் தகடு, ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர். மாதிரி எடுத்தது பனியன் அனுப்பும் அட்டைப்பெட்டியில். பழைய தரையில் இருக்கும் நீள வரிகள் அழகுக்கானவை அல்ல. தட்டையான தகடு காலடியில் அதிரும், வரி போட்டால் விறைக்கும். புளியமரக் கட்டையில் பள்ளம் செதுக்கி, தகட்டை அதன்மேல் வைத்துத் தட்டித் தட்டி வரியை இறக்கினார். ஒரே அடியில் இறக்கினால் தகடு கிழியும் என்றார். வண்டிக்காரரும் அசல் வடிவம் மாறக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தார். 50 ஆண்டு கடந்து, அசல் உருவம் கெடாத வண்டிகளை விண்டேஜ் என்று பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு விதி வகுத்திருக்கிறது. அதற்கு விண்ணப்பிக்கும் எண்ணம் அவருக்கு.

முன்பு கார்பைடு டேங்க் வைத்து கேஸ் வெல்டிங். இப்போது சிஓ2 மெஷின். தகடு நெளியாமல் இருக்கத் தொடர்ந்து பற்றவைப்பதில்லை. இங்கே ஒரு புள்ளி, எதிர்மூலையில் ஒரு புள்ளி, சூடு ஆற நனைத்த பனியன் வேஸ்ட்டால் ஓர் ஒற்று. மறுபடி நடுவில் ஒரு புள்ளி. இப்படியே புள்ளிகள் கூடி ஒரு கோடாகும்வரை மணிக்கணக்கில் குனிந்தே இருக்கிறார். பிறகு கிரைண்டர், ரெட் ஆக்சைடு, இணைப்புகளில் சீலர், அடியில் தார்ப்பூச்சு.

பெயின்டுக்கு அள்ளிக் கொடுப்பவர்கள் தரை வேலைக்குப் பேரம் பேசுகிறார்கள். இது அநியாயம். வண்டியைத் தாங்குவது பெயின்ட் அல்ல. கூலி இப்படியிருந்தால் பையன்கள் ஏன் வருவார்கள்? பனியன் கம்பெனியில் ஷிப்டுக்கு இவ்வளவு என்று வாரம் பிறந்தால் கையில் காசு. புது வண்டிகளில் கதவு நசுங்கினால் கதவையே மாற்றிவிடுகிறார்கள், இன்சூரன்ஸ் கொடுக்கிறது. தகட்டைத் தட்டி உருவாக்கத் தெரிந்தவர் இந்தப் பட்டறையில் இவர் ஒருவர்தான். உதவிக்கு இருப்பவர் அவருடைய மைத்துனர், அவரும் ஐம்பதைத் தாண்டியவர்.

சாயங்காலம் வண்டிக்காரர் வந்து, கைவிளக்கைப் பிடித்து அடியிலும் பார்த்தார். மேஸ்திரி அவரிடம், “ஃபெல்ட்டைப் பசை போட்டு ஒட்டிராதீங்க. மழை பேஞ்ச மறுநாள் மேட்டைத் தூக்கி வெயில்ல போடுங்க. தரையில இருக்கிற தண்ணி ஓட்டைய அடைக்காம வெச்சுக்குங்க. மொதல்ல அந்தக் கண்ணாடி ரப்பர மாத்துங்க, இல்லீன்னா மறுபடி என்னைத்தான் தேடி வரோணும்” என்றார். ரப்பர் எங்கே கிடைக்கும் என்று கேட்டார் வண்டிக்காரர். கோயமுத்தூரில் ஒரு கடையைச் சொல்லிவிட்டு, இடது பக்கத்துக்குச் சாக்பீஸை எடுத்தார் மேஸ்திரி.