அக்காள் கற்றுத் தந்த ஆட்டம்

கல்லூரிக் கபடி அணியில் என்னைச் சேர்த்த அன்று, "யாரிடம் ஆட்டம் கற்றாய் தம்பி?" என்று உடற்கல்வி இயக்குநர் கேட்டார். "ஊரில் அண்ணன்மாரிடம் ஐயா" என்றேன். அது பொய். கற்றுத் தந்தவள் என் அக்காள். ஐயா அவர்கள் இதைப் படிக்க நேர்ந்தால் பொறுத்தருள வேண்டும்.

மன்னார்குடிப் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. அறுவடை முடிந்த களத்தில் மாலைதோறும் சடுகுடு நடக்கும். மூச்சை அடக்கிப் பாடிக்கொண்டு அக்காள் கோட்டைத் தாண்டினால் பையன்கள் பின்னுக்கு நகர்வார்கள். கணுக்காலை அவள் பிடித்துவிட்டால் உதறிக்கொண்டு போனவன் கிடையாது. குறுவட்டப் போட்டியில் பள்ளி அணிக்கு அவளே தலைவி.

2014இல் புரோ கபடி தொடங்கியது. நான் அப்போது மூன்றாம் வகுப்பு. பட்டிக்காட்டு ஆட்டம் என்று முகம் சுளித்தவர்களெல்லாம் தொலைக்காட்சி முன் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். 1990இல் பீஜிங் ஆசிய விளையாட்டிலேயே இந்தியா கபடியில் தங்கம் வாங்கிவிட்டது. எங்கள் தெருவில் அதை அறிந்தவர் எத்தனை பேர்? விளக்கொளியும் விளம்பரமும் வந்த பிறகுதான் எங்கள் ஆட்டம் எங்களுக்கே பெரிதாகத் தெரிந்தது. 2017இல் தமிழ் தலைவாஸ் அணியும் வந்துவிட்டது, கேட்க வேண்டுமா? உரக்கடைக்காரர் ஒருவர் பனியன்கள் உபயம் செய்தார். முதுகில் கடைப்பெயர். பனியனோடு அவருடைய மகனும் அணிக்குள் வந்தான். அவன் ஒருவரையும் பிடித்து நான் பார்த்ததில்லை!

அக்காள் கதை வேறு. 2015இல் அவள் பெரியவளானாள். அதே ஆண்டு மாவட்டப் போட்டிக்கும் தேர்வானாள். ஓர் இரவு வெளியூரில் தங்க வேண்டும். "வயசுக்கு வந்த பிள்ளை அரைக்கால் சட்டை போட்டுக்கிட்டு ஊர் பார்க்க ஆடுறதா?" என்றாள் அப்பாயி. அப்பா கோபிக்கவில்லை. கையில் காசில்லை என்று மட்டும் சொல்லிவிட்டு வயலுக்குப் போய்விட்டார். அக்காள் அழவில்லை, கோழிகளைக் கூட்டில் அடைத்தாள். மறுநாள் களத்தில் அவள் நிற்கும் இடது மூலை எனக்குக் கிடைத்தது. அவளுக்காக நான் ஒரு சொல்லும் பேசவில்லை. மூலை கிடைத்த மகிழ்ச்சியே எனக்குப் பெரிதாக இருந்தது.

2016இல் பெண்களுக்கும் அப்படியொரு தொலைக்காட்சிப் போட்டி நடந்தது. மூன்றே அணிகள். அக்காள் ஒரு நாளும் விடாமல் பார்த்தாள். அடுத்த ஆண்டும் வரும் என்று காத்திருந்தாள். அது ஒரே பருவத்தோடு நின்றுபோயிற்று. ஆண்களின் போட்டிக்கு அந்தக் குறை வரவில்லை.

நான் பதினோராம் வகுப்புப் படிக்கையில் போட்டிகள் மண்ணை விட்டு மேட்டுக்கு மாறியிருந்தன. காலணி இல்லாமல் அதில் ஆட முடியாது. அப்பா வைக்கோல் விற்ற பணத்தை அப்படியே எடுத்துக் கொடுத்தார். "விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கிடைக்கும்" என்று பெருமையாகவும் சொன்னார். அக்காள் பக்கத்தில்தான் இருந்தாள். காலணியை வாங்கி அடிப்பாகத்தைத் தடவிப் பார்த்தாள்.

2025 அக்டோபரில் பஹ்ரைன் ஆசிய இளையோர் விளையாட்டில் நம் பெண்கள் கபடியில் தங்கம் வென்றார்கள். அந்த அணியில் சென்னைக் கண்ணகி நகர் கார்த்திகாவும் ஆடினார். செய்தியை எனக்குத் தொலைபேசியில் முதலில் சொன்னவள் அக்காள்தான். பேச்சுக்கு நடுவே அவளுடைய கைக்குழந்தை அழுதது. வைத்துவிட்டாள்.

இந்தப் பொங்கலுக்குப் பிறந்தகம் வந்திருந்தாள். ஊர்ப் போட்டியைத் தென்னங்கீற்று வேலிக்குப் பின்னால் நின்று பார்த்தாள். இடைவேளையில் தண்ணீர் குடிக்கப் போனேன். "டேய், வலது காலை முன்னாடி போட்டுக்கிட்டே நிக்கிறே. அதைப் பார்த்துத்தான் அவன் பிடிக்கிறான்" என்றாள்.

காலை மாற்றினேன். அடுத்த பாட்டில் இருவரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்கு வந்தேன். வேலிப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். விருந்தாளிகள் வந்திருக்கிறார்கள் என்று அம்மா அவளை உள்ளே கூப்பிட்டிருந்தாள்.