டெர்மினஸில் இறங்கிப் படகு ஏறிய காலம்

எர்ணாகுளம் சவுத் வந்தால் பெட்டி பாதிக்கு மேல் காலியாகிவிடும், ஞாபகம் இருக்கிறதா? திருச்சியிலிருந்து ராத்திரி முழுக்கக் கால் நீட்ட இடமில்லாமல் வந்த டீ கார்டன் எக்ஸ்பிரஸ், அங்கே வந்ததும் திடீரென்று நம்முடையதாகிவிடும். எழுந்து போகாமல் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லாம் நம்ம பக்கத்து ஆட்கள். மட்டாஞ்சேரி பஜாருக்குப் போகிற குஜராத்திச் சேட்டுகள், திருமலை தேவஸ்வம் கோயில் பக்கத்துக் கொங்கணி மாமிகள், கப்பலைப் பிடிக்கப் போகும் லட்சத்தீவுக்காரர்கள், லீவு முடிந்து திரும்பும் நேவிக்காரர்கள். அப்புறம் போர்ட் கொச்சி வெலிக்குப் போகிற நாங்கள். அதுவரை முகம் கொடுக்காதவர்கள்கூட அந்தக் கடைசி நாலைந்து மைலில் பேச ஆரம்பிப்பார்கள். மிச்சமிருக்கும் புளியோதரைப் பொட்டலம் கைமாறும்.

வெண்டுருத்திப் பாலத்தில் வண்டி ஊர்ந்துதான் போகும். சன்னல் கம்பியில் கன்னத்தை வைத்துக்கொண்டால் முதலில் வருவது காயலின் வாடை. உப்பும் சேறும் எண்ணெயும் கலந்தது. வெளியாட்கள் மூக்கைப் பொத்துவார்கள். எங்கள் அப்பாயி மட்டும் அதை நெஞ்சு நிறைய இழுத்து, "வந்தாச்சு" என்பாள். பாலம் தாண்டினால் வாத்துருத்தி. தண்டவாளத்தை ஒட்டி நம் தமிழ்நாட்டு ஆட்களின் குடிசைகள். திண்டுக்கல் பக்கத்திலிருந்து துறைமுகக் கூலிக்கும் கட்டட வேலைக்கும் வந்தவர்கள். ரயிலைப் பார்த்துக் கையாட்டும் பிள்ளைகளைத் தமிழில் கூப்பிட்டால் தமிழிலேயே பதில் வரும்.

அப்புறம் டெர்மினஸ். முழுப்பேர் கொச்சின் ஹார்பர் டெர்மினஸ். எங்களுக்கு வெறும் டெர்மினஸ்தான். துறைமுக இஞ்சினியர் பிரிஸ்டோ துரை காயலைத் தூர்வாரி அந்த மண்ணைக் கொட்டி எழுப்பிய வெலிங்டன் தீவின் ஓரத்தில், 1943இல் திறந்த ஸ்டேஷன். வேறு ஊர்களில் தண்டவாளம் ஸ்டேஷனைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். இங்கே தண்டவாளம் முடியும், தண்ணீர் தொடங்கும். தனுஷ்கோடியில் போட் மெயிலிலிருந்து இறங்கிக் கப்பல் ஏறியவர்கள், 1964 புயலுக்கு முன்னால் அந்தத் துறையைப் பார்த்தவர்கள், நான் சொல்வதைச் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். அவர்கள் இலங்கைக்குப் போனார்கள். நாங்கள் எதிர்க்கரையில் இருந்த எங்கள் வீட்டுக்குப் போனோம்.

இறங்கியதும் மெதுவாக நடந்தால் போச்சு. டெர்மினஸ் ஜெட்டியில் படகு கிளம்பிவிடும். பெட்டி படுக்கையோடு ஒட்டுமொத்த ரயிலும் ஜெட்டியைப் பார்த்து ஓடும் அந்தச் சத்தம் இருக்கிறதே, மரப்பலகை மீது நூறு செருப்புகள், குழந்தைகளின் அழுகை, "ஓடி வா, ஓடி வா" என்று நாலு பாஷையில் கூப்பாடு. சிவப்புச் சட்டைப் போர்ட்டர்களில் ஒருவர் எங்கள் அப்பாவுக்குப் பழக்கம். அப்பா கூலி கேட்கமாட்டார், அவரும் சொல்லமாட்டார். சாக்கு மூட்டையைத் தலையில் ஏற்றியபடியே திருச்சியில் மழை உண்டா என்று விசாரிப்பார்.

படகு ஓடும் விதத்தை நான் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்திருந்தேன். முன்னால் சக்கரம் பிடித்து நிற்பவர் ஸ்ராங்கு. எஞ்சின் நடுவில், பள்ளத்துக்குள். அங்கே கரியும் எண்ணெயும் பூசிக்கொண்டு டிரைவர். டிரைவருக்கு வெளியே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஸ்ராங்குக்குத் தலைக்குமேல் தொங்கும் கயிறு, அதன் மறுமுனையில் டிரைவர் காதருகே ஒரு வெண்கல மணி. கயிற்றை இழுக்கும் கணக்கை வைத்தே போ, நில், பின்னே எடு என்று டிரைவர் தெரிந்துகொள்வார். கரை நெருங்கும்போது மணி படபடவென்று அடிக்கும். லஸ்கர் ஒருவர் வடத்தோடு ஜெட்டிக்குத் தாவி, கட்டையில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்துப் பிடிப்பார். ஈர வடம் இறுகும்போது கிறீச்சென்று முனகி, முறுக்கிலிருந்து தண்ணீர் சொட்டும். அந்த ஸ்ராங்குகளில் வெற்றிலை போட்டுப் போட்டு உதடு சிவந்த கிழவர் ஒருவர் இருந்தார். பரீட்சை நாளில் பிள்ளைகள் ஓடி வருவதைப் பார்த்தால் கயிற்றைத் தொடாமல் நிற்பார். ஆபீஸ்காரர்கள் சத்தம் போட்டாலும் காதில் வாங்கமாட்டார்.

இடவப்பாதி மழையில் அந்தச் சின்னத் தூரம் நீண்டுவிடும். எதிர்க்கரை மறைந்து போகும். கிழக்கிலிருந்து வெள்ளம் இறங்கும்போது பாயல் செடிகள் கூட்டம் கூட்டமாக மிதந்து வந்து படகின் அடி விசிறியில் சிக்கிக்கொள்ளும். லஸ்கர் கழியால் குத்தித் தள்ளிக்கொண்டே இருப்பார். தார்ப்பாய்த் திரையை இறக்கிவிட்டு உள்ளே அத்தனை பேரும் ஈரத் துணியோடு நெருக்கி நிற்போம். வேனலில் திரை கிடையாது. வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசும். மட்டாஞ்சேரிக் கரை நெருங்க நெருங்க காயல் வாடை விலகி, சுக்கும் மிளகும் ஏலமும் மணக்கும். ஜெட்டிக்கு மேலே பஜார்க் கிடங்குகளில் சுக்கு புடைக்கும் பெண்கள் தூசுக்காக முகத்தில் துணி கட்டியிருப்பார்கள். ஜூ டவுனில் மிளகு வியாபாரக் கட்டடத்திலிருந்து ஏலக்கூச்சல் தெருவுக்கே கேட்கும். தீவுப் பக்கம் திரும்பி வரும்போது மணம் வேறு: தேயிலை. 1947 முதல் கொச்சியில் தேயிலை ஏலம். கிடங்கு வாசல் திறந்திருந்தால் பிளைவுட் பெட்டிகளின் வாசனையோடு சேர்ந்து வரும். நீலகிரி எது, மூணாறு எது என்று மணத்திலேயே சொல்கிறவர்கள் ஜெட்டிச் சாயாக்கடையில் இருந்தார்கள். அந்தக் கடையின் பழம்பொரி, கையில் வாங்கினால் விரல் சுடும். ஆறும்வரை பொறுத்தவர் யாரும் கிடையாது.

எங்கள் வெலியில் துவைக்கிறவர்கள் எல்லாம் தமிழர்கள். ஒல்லாந்துக்காரன் காலத்திலேயே கொண்டுவந்து குடியேற்றினார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தோம். துணி காயப்போடக் கிளிப் கிடையாது. இரண்டு கயிறுகளை முறுக்கி, அந்த முறுக்குக்குள் துணியின் முனையைச் செருகிவிட்டால் கடல் காற்றுக்கும் அசையாது. கஞ்சி போட்டு, சிரட்டைக்கரிப் பெட்டியால் தேய்த்து, மூட்டை கட்டித் தீவுக்குக் கொண்டுபோக வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் ரயிலும் படகும் ஊருக்குப் போகும் நாளுக்கானவை மட்டுமல்ல. சென்னை வண்டி வரும் நேரம் தவறினால் அம்மா உலை வைப்பதும் தவறும். காற்று கிழக்கிலிருந்து அடித்தால் இஞ்சினின் கூவல் தண்ணீர் மேல் ஏறி வீடுவரை வந்துவிடும்.

குறைய ஆரம்பித்தது எப்போது என்று யோசித்தால், 1976 என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. அதுவரை கோட்டயம், கொல்லம் பக்கம் மீட்டர் கேஜ். வடக்கேயிருந்து வரும் அகல ரயிலுக்கு எங்கள் கரைதான் எல்லை. அந்த வருஷம் திருவனந்தபுரம் வரை அகலப்பாதை ஆனது. தீவின் பேரைச் சுமந்த ஐலண்ட் எக்ஸ்பிரஸ், பெங்களூரிலிருந்து வந்து டெர்மினஸில் மூச்சுவிட்டு நின்ற வண்டி, தெற்கே திரும்பிவிட்டது. ஒவ்வொன்றாக மற்றவையும் எர்ணாகுளத்தோடு நிற்கத் தொடங்கின. 2004 வாக்கில் வெண்டுருத்தி ரயில் பாலம் பழுதாகி, பயணி வண்டியே அற்றுப்போனது. 2011இல் வல்லார்பாடம் கன்டெய்னர் முனையம் வந்தபின் சரக்கும் அந்தப் பக்கம் போய்விட்டது. 2018இல் எர்ணாகுளத்திலிருந்து ஒரு டெமு ரயில் விட்டுப் பார்த்தார்கள். ஏற ஆளில்லை. எப்படி இருப்பார்கள்? இறங்கினால் பிடிக்கப் படகு வேண்டாமா? ரயிலையும் படகையும் ஒன்றுக்கொன்று காத்திருக்க வைத்த அந்த ஏற்பாடுதானே டெர்மினஸ். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் திருப்பிக் கொடுத்தால் யாருக்கு வேண்டும்?

போன முறை ஸ்டேஷனுக்குள் போய்ப் பார்த்தேன். பிளாட்பாரத்தில் இடுப்பளவு செடி. தண்டவாளம் புல்லுக்குள் எங்கோ இருக்கிறது. போர்ட்டர்கள் மூட்டையை இறக்கிவைத்து மூச்சு வாங்கும் சிமெண்ட் திண்டு மட்டும் அப்படியே, மூலை மழுங்கி.

வெலியில் இப்போதும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். திருச்சியிலிருந்து கல்யாணம் காட்சிக்கு வருகிறவர்கள் எர்ணாகுளம் சவுத்திலேயே இறங்கி, ஆட்டோவோ ஊபரோ பிடித்து, தோப்பும்படிப் பாலம் ஏறி இறங்கி முக்கால் மணி நேரத்தில் வந்துவிடுகிறார்கள். வழியெல்லாம் போனைப் பார்த்துக்கொண்டே வருகிறார்கள். பாலத்தில் ஒரு வாடை அடித்ததே, அது என்ன என்று என் தங்கை பேரன் கேட்டான். கண்ணாடியை ஏற்றிவிடச் சொன்னார்களாம்.