முதல்ல கவிழ்த்துப் பழகு

பொங்கலுக்கு அண்ணன் மகள் குடும்பத்தோடு சென்னையிலிருந்து வந்திருந்தது. கார் டிக்கியில் நெல் மூட்டை கணக்காக ஒரு பை. என்னன்னு கேட்டால், "கயாக், சின்னத் தாத்தா. காத்தடிச்சா படகாயிடும்" என்கிறான் பேரன். பதினாலு வயசு. ரெண்டு வருசம் கழிச்சு எங்க கண்மாய் நிறைஞ்சு கிடக்குன்னு நான்தான் போனில் பெருமையடித்திருந்தேன். அதைக் கேட்டுத்தான் வாங்கியிருக்கிறான்.

"நீச்சல் தெரியுமாடா?"

"ஸ்கூல் பூல்ல பத்து லேப் அடிப்பேன்."

எனக்கு வயித்தைக் கலக்கியது. நீச்சல் குளத்தில் தரை தெரியும். கண்மாயில் முழங்கால் வரைக்கும் சகதி. எங்க கண்மாய்க்குள் முந்தி நட்ட கருவேல மரங்களை வெட்டியபோது அடிக்கட்டையை அப்படியே விட்டுட்டாங்க. தண்ணீர் நிறைந்தால் கண்ணுக்குத் தெரியாது. காத்தடைச்ச படகுக்கு ஒரு முள் போதும்.

அன்றைக்குச் சாயந்தரமே மீன் குத்தகைக்காரரைப் பார்த்து, எங்கெங்கே வலை கட்டியிருக்குன்னு கேட்டேன். வலையில் கால் மாட்டினால் நீச்சல் தெரிஞ்சவனும் ஒண்ணும் பண்ண முடியாது. அப்புறம் பேரனையும் மாப்பிள்ளையையும் கரைமேல் நடக்கவைத்துக் காட்டினேன். மடை திறந்திருந்தால் மேலே தண்ணீர் அசையாமல் கிடக்கும், அடியில் இழுக்கும். கலுங்கில் மறுகால் பாய்ந்தால் படகை ஆளோடு உருட்டிவிடும். மண் அள்ளின குழிப் பக்கம் ஓரமாகத்தான் நிக்கிறோம்னு நினைக்கும்போதே ரெண்டாள் ஆழம் வந்துவிடும். இந்த மூணு பக்கமும் போகக் கூடாது.

"சித்தப்பா ரொம்பப் பயமுறுத்துறாங்க" என்றது அண்ணன் மகள். அண்ணன் ஒண்ணும் பேசவில்லை. சட்டைக் காலரை இழுத்துக் கழுத்தைக் காட்டினார். காதுக்குக் கீழே பழைய நகத்தழும்பு. அது என் நகம்.

எனக்கு ஒன்பது வயசு, அண்ணனுக்குப் பதினஞ்சு. இதே கண்மாயில் வாழைமட்டையைப் பிடித்து மிதந்துகொண்டிருந்தேன். மட்டை நழுவியது. அண்ணன் நல்லா நீந்துவார், யோசிக்காமல் குதித்துவிட்டார். மூழ்குகிறவனுக்கு அண்ணன் தம்பி தெரியாது. கழுத்தைக் கட்டிக்கொண்டு அவர் தலைமேலேயே ஏறப் பார்த்தேன். ரெண்டு பேரும் உள்ளே போனோம். துணி துவைத்துக்கொண்டிருந்த பெரியம்மா ஒருத்தர் குதிக்கவில்லை. துவைச்ச சேலையை முறுக்கி வீசினார். அதைப் பிடித்துத்தான் ரெண்டு பேரும் கரைக்கு வந்தோம்.

பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் 2020 ஆகஸ்ட்டில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கலாம். மூழ்கிய நாலு பேரைக் காப்பாற்ற மூன்று பெண்கள் கட்டியிருந்த சேலையை அவிழ்த்து வீசினார்கள். ரெண்டு பேர் பிழைத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதனால் வீட்டுக்கு வந்ததும் அஞ்சு லிட்டர் கேன் ஒன்றில் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு மூடி, நீளமான நைலான் கயிற்றில் கட்டினேன். வீசினால் தூரமாகப் போகும், மிதக்கும், பிடித்துக்கொள்ளலாம். கரையில் நிற்கிறவன் கையில் இருக்கவேண்டியது போன் இல்லை, இதுதான்.

மறுநாள் காலை, வாடைக்காத்து ஏறுவதற்கு முன்னாடி போனோம். மாப்பிள்ளை லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு வாரைப் பூட்டாமல் நின்றார். "இடுப்பளவு தண்ணிதானே மாமா" என்றார். தோள்பட்டையில் பிடித்து மேலே தூக்கினேன், காது வரைக்கும் வந்துவிட்டது. "தண்ணிக்குள்ளயும் இப்படித்தான் மாப்ள கழண்டு வரும்." எல்லா வாரையும் இறுக்கிக்கொண்டார்.

பேரன் துடுப்பை எடுத்தான். "அதை வை. முதல்ல கவிழ்த்துக் காட்டு."

முகம் சுருங்கிவிட்டது. ஓட்ட வந்தவனைக் கவிழ்க்கச் சொன்னால்? இடுப்பளவு தண்ணீரில், படகின் கயிறு என் கையில் இருக்க, ஒரு பக்கமாகச் சாய்ந்தான். கவிழ்ந்தது. மூக்கில் தண்ணீர் ஏறி இருமினான். அப்போது ஒரு காரியம் செய்தான் பாருங்கள். காலிலிருந்து கழன்ற செருப்பு மிதந்து போக, படகை விட்டுவிட்டு அதைப் பிடிக்க நீந்தினான். நான் கயிற்றைத் தளர்த்திவிட்டேன். கொஞ்சூண்டு காத்துதான். அவன் செருப்பை எடுத்துத் திரும்புவதற்குள் படகு பத்துப் பதினஞ்சடி தள்ளிப் போயிருந்தது. எட்டி எட்டி நீந்துகிறான், படகு விலகிக்கொண்டே போகிறது. பயல் முகத்தில் அப்போதுதான் பயத்தைப் பார்த்தேன். கயிற்றை இழுத்துப் படகை அவன்கிட்டே கொண்டுவந்தேன்.

"செருப்பு நூத்தம்பது ரூபா. படகுதான்டா உசுரு. கவிழ்ந்தா படகை விடாதே. மிதக்கிறது ஒண்ணு கையில இருந்தா ஆள் போய்ச் சேர நேரம் கிடைக்கும்."

எட்டு தடவை கவிழ்த்தோம். நிமிர்த்தி, பின்பக்கமாகக் காலை உதைத்து ஏறப் பழகினான். அப்புறம்தான் துடுப்பு. போகும்போது காத்துக்கு எதிரே போ, கை சலித்துத் திரும்பும்போது காத்தே தள்ளிக் கொண்டுவந்துவிடும் என்றேன். கரையை ஒட்டியே ஓட்டினான். ஆபத்துன்னா மூணு தடவை ஊதணும்னு சொல்லி விசிலைக் கழுத்தில் மாட்டியிருந்தேன். ஒரு தடவை ஊதினான். அரண்டுபோய்க் கேனைத் தூக்கினேன். கொக்கு பறந்ததாம், பார்க்கச் சொல்லி ஊதினானாம்.

அண்ணன் அன்றைக்குக் கரையைவிட்டு இறங்கவே இல்லை. கேன் கட்டின கயிற்றை என்கிட்டேயிருந்து வாங்கிக் கையில் ரெண்டு சுத்து சுத்திக்கொண்டு நின்றார். அப்படிக் கையில் சுத்தக் கூடாது, ஆளையும் சேர்த்து இழுத்துவிடும் என்று சொல்லி அவிழ்த்துவிட்டேன். அவரும் கத்துக்கொள்ள வேண்டியது இருந்தது.