எஸ்டேட் என்றால் தேயிலைத் தோட்டமல்ல



சில வருடங்களுக்கு முன் ஏ.எல். முடித்த மாணவி ஒருத்தி, பல்கலைக்கழக விண்ணப்பத்தில் 'எஸ்டேட் மெனேஜ்மன்ட் அன்ட் வெல்யுவேஷன்' என்று எழுதிக்கொண்டு வந்து காட்டினாள். "தேயிலைத் தோட்டத்துக்கா மகள் போகப் போறீங்க?" என்று சிரித்து, அதை வெட்டச் சொன்னவர்கள் நாங்கள்தான். மலைநாட்டில் எஸ்டேட் என்றால் வேறென்ன ஞாபகம் வரும்!

அது காணி, கட்டடம் பற்றிய படிப்பு. ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. சொத்தின் பெறுமதியைக் கணிப்பது அதில் பிரதானம். முடித்தவர்களுக்கு விலைமதிப்புத் திணைக்களம், வங்கிகள் என்று வழியுண்டு. மொறட்டுவையில் குவான்டிட்டி சேவேயிங், ஃபெசிலிட்டீஸ் மெனேஜ்மன்ட் இருக்கின்றன.

எல்லாம் ஆங்கிலத்தில்தான். கணக்கில் கெட்டிக்காரப் பிள்ளைகளும் ஒரு பக்க அறிக்கை எழுதச் சொன்னால் தடுமாறுகிறார்கள். அதற்கு நாங்களும் பொறுப்பு.

வாப்பாவின் காணியைப் பங்குவைக்கப் போய், சரியான பெறுமதி தெரியாமல் முகம் பார்க்காமலிருக்கும் சகோதரர்கள் நம்மூரில் இல்லையா? அங்கே இப்படிப் படித்த ஒருவர் தேவை.

போன மாதம் அந்தப் பிள்ளையைக் கண்டு மன்னிப்புக் கேட்டோம். "பரவாயில்ல சேர். தம்பி இந்த வருஷம் எழுதுறான், அவன்டய வெட்டிடாதீங்க" என்றாள்.