ஒரு மோடமும் ஒரு வெள்ளிக்கிழமையும்



கைப்பேசியைத் தொட்ட கணமே இணையம் வந்து நிற்கும் காலம் இது. அந்த இணையத்தைத் தொலைபேசிக் கம்பி வழியே வருந்தி அழைத்துவர வேண்டியிருந்த காலத்தில் செய்யாற்றில் எங்கள் வீட்டில் நிகழ்ந்த ஒன்றை இங்கே எழுதுகிறோம். கணினி கற்ற கதையாகத் தொடங்கினாலும், எங்களுக்கு அது அமானிதம் கற்ற கதையாகவே முடிந்தது.

இந்தியப் பொதுமக்களுக்கு இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று திறந்துவிடப்பட்டது. பெருநகரங்களில் தொடங்கிய அது எங்களைப் போன்ற சிற்றூர்களின் வீடுகளை எட்டச் சில ஆண்டுகள் ஆயின. 2001இல் அண்ணன் தம்பியாகிய நாங்கள் இருவரும் ஒரு பழைய கணினியை வாங்கி, கணினி இதழோடு வந்த குறுந்தகட்டிலிருந்து லினக்ஸ் இயங்குதளத்தை அதில் நிறுவினோம். யுனிக்ஸ் வழியில் அமைந்த அதில் எதுவும் தானாக நடந்துவிடாது. ஒவ்வொன்றையும் நாமே எழுதிச் சொல்ல வேண்டும். அதுவே எங்களை ஈர்த்தது.

கணினிக்குள் இருந்த மோடம் லினக்ஸில் இயங்க மறுத்தது. ஒலியைத் தகவலாக மாற்றும் வேலையைத் தானே செய்யாமல் விண்டோஸ் மென்பொருளின் தலையில் கட்டிவிடும் மலிவு வகை அது. எனவே காஞ்சிபுரத்தில் கணினி மையம் நடத்திய நண்பரிடம் வெளியே வைத்து இணைக்கும் மோடம் ஒன்றை இரவல் வாங்கினோம். வியாழன் இரவு வாங்கியதைச் சனிக்கிழமை காலையில் திருப்பித் தருவதாக வாக்கு. எங்களுக்குக் கிடைத்தது வெள்ளிக்கிழமை ஒன்றே.

இங்கே எங்கள் தொலைபேசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது பெயருக்குத்தான் எங்களுடையது. சுற்றியிருந்த ஆறேழு வீடுகள் தம் பிள்ளைகளுக்குக் கொடுத்திருந்த ‘பிபி நம்பர்’ அதுவே. யார் எப்போது வந்தாலும் கேட்கட்டும் என்று அத்தா அதைத் திண்ணையை ஒட்டிய முன்னறையில் வைத்திருந்தார். சிறு உதவிகளைக்கூடத் தடுத்துக்கொள்வோரை அல்மாஊன் அத்தியாயம் கண்டிப்பதை நினைவூட்டி, ‘இது தெருவின் அமானிதம்’ என்பார். வளைகுடாவில் விடுமுறை நாள் வெள்ளி என்பதால் அன்று மாலையில்தான் அழைப்புகள் மிகுதியாக வரும்.

அந்த வெள்ளியன்று அத்தாவும் அம்மாவும் ஆரணியில் ஒரு நிக்காஹ்வுக்குப் போயிருந்தார்கள். அஸர் தொழுதுவிட்டு வந்ததும், தொலைபேசியின் கம்பியைப் பிடுங்கி, நீளமான ஒயர் ஒன்றின் வழியே உள்ளறையில் இருந்த மோடத்தில் செருகினோம். அப்போது அண்டை வீட்டுப் பெரியம்மா வந்து திண்ணையில் அமர்ந்தார். பட்டுத்தறிகளுக்குத் தார் சுற்றிக் கொடுத்துப் பிழைத்தவர். ஒரே மகன் ரியாத்தில் இருந்தார்.

“போன் அடிச்சா கூப்பிடுங்க தம்பி.”

“சரி பெரியம்மா” என்றோம். தொலைபேசி மணி ஊமையாகிக் கிடப்பது எங்களுக்குத் தெரியும். ‘ஐந்து நிமிட வேலைதானே’ என்று நினைத்துக்கொண்டோம்.

மோடத்தோடு பேச மினிகாம் என்றொரு நிரல் உண்டு. கணினியின் முதல் சீரியல் வாயிலுக்கு லினக்ஸ் வைத்த பெயர் டிடிஒய்எஸ்0. அதைத் திறந்து ‘ஏடி’ என்று இரண்டெழுத்துத் தட்டினால், மோடம் ‘ஓகே’ என்று விடையளிக்கும். ஹேய்ஸ் நிறுவனம் 1981இல் வெளியிட்ட மோடத்தோடு பரவிய கட்டளை மொழி அது. எங்களுக்கோ ஸலாமும் பதில் ஸலாமும் போலத் தோன்றி மகிழ்வித்தது.

எண்ணைச் சுழற்றச் சொன்னோம். ‘நோ டயல்டோன்’ என்றது. நம் நாட்டுத் தொலைபேசியின் டயல் டோன் அமெரிக்காவினதிலிருந்து வேறுபட்டது. அந்நாட்டு ஒலிக்குப் பழகிய மோடம் இதை அடையாளம் காணவில்லை. கையேட்டைப் புரட்டி, ‘ஏடிஎக்ஸ்3’ என்ற கட்டளையைக் கண்டுபிடித்தோம். டயல் டோன் வருகிறதா என்று காத்துக் கேட்காமல் எடுத்த எடுப்பில் எண்ணைச் சுழற்று என்பது அதன் பொருள். அதன்பின் மோடம் சுழற்றியது; கீச்சொலியும் இரைச்சலுமாக மறுமுனையோடு கைகுலுக்கியது; ‘கனெக்ட்’ என்ற சொல் திரையில் வந்தது. அடுத்து பயனர் பெயர் கேட்கும் என்று எதிர்பார்த்தோம். வந்தவையோ அலைக்குறிகளும் சுருள் அடைப்புகளும் கலந்த குப்பை எழுத்துகள். இணைப்பைத் துண்டித்தோம். மீண்டும் சுழற்றினோம். மீண்டும் அதே குப்பை. எத்தனை முறை என்று எண்ணவில்லை.

இடையில் ஒருமுறை, நாங்கள் எதுவும் தட்டாமலேயே திரையில் ‘ரிங்’ என்ற சொல் தோன்றியது. சற்றுப் பொறுத்து இன்னொரு முறை. இதுவும் ஏதோ கோளாறு என்று எண்ணி, மறுபடியும் சுழற்றும் கட்டளையைத் தட்டினோம். மஃரிப் பாங்கு ஒலித்தபோது வெளியே வந்து பார்த்தால் திண்ணையில் பெரியம்மா இல்லை. காத்திருந்து எழுந்து போய்விட்டிருந்தார்.

இஷாவுக்குப் பின் குறுந்தகட்டில் இருந்த வழிகாட்டிக் குறிப்புகளைப் பொறுமையாகப் படித்தோம். அப்போதுதான் விளங்கியது: அந்தக் குப்பை எழுத்துகள் குப்பையல்ல. இரு கணினிகள் தொலைபேசி வழியே உரையாடும் பிபிபி என்னும் நெறிமுறையில், மறுமுனை எங்களை நோக்கி அனுப்பிய முதல் விண்ணப்பம் அது. அது பேசத் தொடங்கியிருந்தது. அம்மொழி அறியாத நாங்கள் ஒவ்வொரு முறையும் முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

செய்ய வேண்டியது எளியதே. எண்ணைச் சுழற்றி, ‘கனெக்ட்’ வரும்வரை காத்திருப்பதை மட்டும் சாட் என்ற சிறு நிரலிடம் விட வேண்டும். வந்ததும் பிபிபிடி என்ற நிரல் உரையாடலை ஏற்கும். பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் பாப்-சீக்ரெட்ஸ் என்ற கோப்பில், பிறர் படிக்க முடியாதபடி அனுமதிகளைச் சுருக்கி வைத்தோம். ஃபஜ்ருக்கு முன்னர் இணைப்பு நிலைத்தது. எண்ணால் அழைத்த கணினிகள் விடையளித்தன. பெயரால் அழைத்தவை அளிக்கவில்லை. பெயரை எண்ணாக மாற்றித் தரும் சேவையகத்தின் முகவரியை ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் எழுதியதும் அந்தக் கதவும் திறந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று ஒருவரையொருவர் தழுவிக்கொண்டோம். காலையில் மோடத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.

அடுத்த வெள்ளியும் அதற்கடுத்த வெள்ளியும் பெரியம்மா வந்து அமர்ந்தார், அழைப்பு வரவில்லை. மூன்று வாரத்திற்குப் பின் ஒரு கடிதம் வந்தது. அவருக்கு எழுத்து தெரியாது. வழக்கம்போல் எங்களிடமே படிக்கக் கொண்டுவந்தார்.

தொலைபேசி இல்லாத பாலைவன வேலைத்தளத்திற்கு இரண்டு மாதம் அனுப்புகிறார்கள், அதைச் சொல்லி உங்கள் துஆவைப் பெற்றுப் போகவே அன்று அழைத்தேன் என்று மகன் எழுதியிருந்தார். நெடுநேரம் லைன் பிஸியாக இருந்ததாம். ஒருமுறை மணி அடித்ததாம், எடுத்தார்களாம், ஆனால் யாரும் பேசவில்லை, காதில் ஏதோ விசில் போல ஒலித்தது, காசு தீர்ந்துவிட்டது.

படித்துக்கொண்டிருந்த அண்ணனின் குரல் நின்றுவிட்டது. ‘ரிங்’ என்பது கோளாறு அன்று; அழைப்பு வரும்போது மோடம் எழுதிக்காட்டும் அறிவிப்பு. அவ்வழைப்பின் மீதுதான் நாங்கள் சுழற்றும் கட்டளையைத் தட்டியிருக்கிறோம். மோடம் தொலைபேசியை எடுத்திருக்கிறது. காத்துக் கேட்காதே என்று நாங்களே கட்டளையிட்டிருந்ததால், தாயின் குரலுக்குக் காத்திருந்த ஒருவரின் காதில் எண்களின் ஒலியைக் கொட்டியிருக்கிறது.

சொல்லாமல் விட்டிருக்கலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் அல்லாஹ்வுக்குச் செய்யும் கடமையில் நேரும் குறையை அவனிடம் தவ்பா செய்து மன்னிக்கக் கோரலாம். அடியாரின் ஹக்கில் நேர்ந்ததை அந்த அடியாரிடமே அல்லவா கேட்க வேண்டும்? அண்ணன் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னார். பெரியம்மா வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்:

“அப்ப அந்தப் பொட்டிக்குள்ள எம்புள்ள வந்தானா?”

“எழுத்தாக வந்தார் பெரியம்மா. நாங்கள்தான் படிக்கவில்லை.”

“சரி விடுங்க. அல்லா அவனைக் காப்பாத்தட்டும்” என்று எழுந்து போனார். மன்னித்துவிட்டார். எங்களுக்குத்தான் பல இரவுகள் உறக்கம் வரவில்லை. அத்தாவிடமும் சொன்னோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. கம்பியை மீண்டும் முன்னறையில் செருகியிருக்கிறதா என்று மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

சில மாதங்களுக்குப் பின் சொந்தமாக மோடம் வாங்கியபோது, பிபிபிடியின் அமைப்புக் கோப்பில் இரண்டு வரிகளைச் சேர்த்தோம். ஒன்று, சற்றுநேரம் போக்குவரத்து இல்லையென்றால் இணைப்பைத் தானே துண்டிக்கும் ‘ஐடில்’. மற்றொன்று, என்ன வேலை நடந்தாலும் குறித்த நேரத்திற்கு மேல் தொடரவிடாத ‘மேக்ஸ்கனெக்ட்’. இஷாவுக்கு முன் இணைப்பதில்லை, வெள்ளி மாலை அறவே இல்லை என்ற ஒழுங்கை மட்டும் எந்தக் கோப்பிலும் எழுதவில்லை. பின்னர் மகன் ரியாத் திரும்பி, ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி அனுப்பிய மின்னஞ்சல்களைப் பெரியம்மாவுக்குப் படித்துக் காட்டும் வாய்ப்பையும் அல்லாஹ் அந்த மோடத்தின் வழியாகவே தந்தான். அதிராம்பட்டினத்தின் உமர்தம்பி போன்றோர் தேனீ எழுத்துருக்களை ஆக்கி இலவசமாக வழங்கி, இணையத்தில் தமிழைத் தமிழாகவே படிக்க வழிசெய்தது அதற்குப் பின். அல்லாஹ் அவருக்கு மறுமையில் உயர்வைத் தருவானாக.

இன்று யார் வீட்டிலும் பிபி நம்பர் இல்லை. இணையம் யாருடைய அழைப்பையும் தடுப்பதில்லை. ஆயினும் பெற்றோர் அருகில் அமர்ந்து பேச முனையும்போது நம் கண் திரையில் இருக்குமானால், ‘ரிங்’ என்ற சொல் இன்னும் தோன்றிக்கொண்டுதான் இருக்கிறது. அதைக் கோளாறு என்று தள்ளாமல் படித்தறியும் தெளிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.